விலையில்லா இலக்கணங்களும் அவற்றின் தரவும்

இணையத்தில் இன்று விலையின்றிக் கிடைக்கும் இலக்கண நூல்கள் இருவகைப்படும். காப்புரிமைக் காலம் கடந்து பொதுவுடைமையான பழைய நூல்கள் ஒருவகை. ஆசிரியரும் பதிப்பகமும் இசைந்து விலையின்றியே வெளியிட்ட புதிய நூல்கள் மற்றொருவகை. தேடுவோர்க்கு இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்துத் தோன்றுவதால், தம்முள் ஒத்த மதிப்புடையன என்ற மயக்கம் எளிதில் நேர்கிறது.

கிழக்கு நேபாளத்துக் கிராந்தி மொழிகளுள் ஒன்றான யாக்காவை எடுத்துக்கொள்வோம். கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வு, மூன்றாம் தொகுதியின் முதற்பகுதியில் (1909) இம்மொழிக்கு ஓர் இலக்கணச் சுருக்கம் தருகிறது. டயானா ஷாக்கோவின் விரிவான இலக்கணம் 2015இல் பெர்லினின் லாங்வேஜ் சயின்ஸ் பிரஸ் வெளியீடாக வந்தது. இரண்டையும் எவரும் பணமின்றிப் பெறலாம்.

அளவாய்வின் தரவு பெரும்பாலும் அரசு அதிகாரிகள் வழியே திரட்டப்பட்டது. மொழிதோறும் மூன்று மாதிரிகள் வேண்டப்பட்டன: ஊதாரி மகன் உவமையின் மொழிபெயர்ப்பு, வட்டாரத்துக் கதை போன்ற ஒரு பனுவல், சொற்களும் தொடர்களும் அடங்கிய பட்டியல். ஆங்கிலம் அறியாதோர்க்கு உதவும்பொருட்டு அவ்வுவமையின் இந்திய மொழி வடிவங்களும் முன்னதாகவே அச்சிட்டு வழங்கப்பட்டன. ஆகவே நாம் காணும் தொடர் சில இடங்களில் மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பே. அதன் சொல்வரிசை இம்மொழிக்கு இயல்பானதா, மூலத்தின் சாயலா என்று துணிய அச்சுருக்கத்துக்குள் வழியில்லை. நேபாளமோ அளவாய்வின் எல்லைக்குள் வரவே இல்லை.

யாக்கா வினை எழுவாயோடு மட்டுமன்றிச் செயப்படுபொருளோடும் இயைபு கொள்வது. மேல், கீழ், சமமட்டம் என்னும் மலைநிலத் திசைகளும் அதன் இலக்கணத்தில் பதிந்துள்ளன. தந்தை, இரு புதல்வர், பன்றி, விருந்து எனச் செல்லும் ஒரு கதையில் இவற்றின் வாய்பாடு முழுமையாக வெளிப்பட வாய்ப்பில்லை. ஷாக்கோவோ பதிவுசெய்த இயல்பான பேச்சையும் சான்றாகக் கொண்டு, எடுத்துக்காட்டுகளை உருபன் உருபனாகப் பகுத்துக் காட்டுகிறார். அவர் முடிவை ஏற்காதவரும் அவர் தரவைத் தாமே சோதிக்கலாம். மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் பயன்படுவது இதுவே.

குளோட்டோலாக் என்னும் நூற்பட்டியல் இவ்வகையில் பெருந்துணை. நெடிய இலக்கணம், இலக்கணம், இலக்கணச் சுருக்கம், சொற்பட்டியல் என அது நூல்களைத் தரம் பிரிக்கிறது. ஆயினும் அத்தரம் பரப்பைப் பற்றியதேயன்றித் தரவு பெறப்பட்ட முறையைப் பற்றியதன்று. இது சிறு குறையன்று.

பழைய நூலை ஒதுக்கிவிடல் தகாது. ஒலி ஒப்பீட்டுக்கு அதன் சொற்பட்டியல் இன்றும் உதவும். தொடரியல் கூற்றுக்கு அதனைச் சான்றாக்குவோர், தொடர் எம்மாதிரியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் குறித்தல் வேண்டும். வட்டாரக் கதை அச்சாகியுள்ள மொழிகளில் உவமையை விட்டு அக்கதையையே முதலில் நோக்குதல் நலம்.