கரடிக்குத் திறவாத பெட்டி

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலிருந்து விட்னி சிகரம் வரையில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் நீளும் ஜான் மியூர் பாதையில் கால் வைக்கிறவர், எவ்வளவு சிக்கனமாக மூட்டை கட்டினாலும், பெரும்பகுதி வழியில் ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்டுப் போவதற்கில்லை. கரடியின் பல்லுக்கும் நகத்துக்கும் இசையாத உணவுப் பெட்டியே அது. உண்ணும் பொருளன்று, உடுக்கும் பொருளுமன்று. ஆயினும் வெறும் பெட்டியாகவே பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் இதற்காகப் பணமும் கொடுத்து, தோளும் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று யாத்திரிகர் முணுமுணுப்பது இயல்புதான். அந்த முணுமுணுப்பில் எவ்வளவு நியாயம் உண்டு என்று சீர்தூக்கிப் பார்ப்பது பிரயோஜனமுள்ள காரியம்.

முதலில், இந்த நிர்ப்பந்தத்துக்குக் காரணம் கரடியன்று, மனிதனே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் எச்சில் உணவைக் குவித்துவைத்துக் கரடிகள் தின்பதை வேடிக்கை காட்டினார்கள். அவ்வழக்கம் 1940-இல் நின்றது, கரடிகள் கற்ற பாடம் நிற்கவில்லை. உணவுப் பையை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டால் கயிற்றைக் கடித்தறுக்கவும், தம்மைத் தாங்காத கிளையில் குட்டியை ஏற்றிவிடவும் அவை பழகிக்கொண்டன. 1998-ஆம் ஆண்டில் மட்டும் அப்பூங்காவில் கரடிகளால் 1,500-க்கும் மேற்பட்ட சம்பவங்களும் 6 லட்சம் டாலருக்கு மேல் சேதமும் விளைந்தன. மனிதச் சோற்றின் ருசி கண்ட கரடி நாளடைவில் அச்சம் நீங்கி, மூர்க்கம் மிகுந்து, முடிவில் காவலர் கையாலேயே மடிவதும் உண்டாதலின், பெட்டி காப்பது யாத்திரிகரின் ரொட்டியை மட்டுமன்று, கரடியின் பிராணனையும்தான்.

இனிப் பொருளையும் விலையையும் நோக்குவோம். மலிவும் பழமையும் வாய்ந்தது ஏ.பி.எஸ். என்னும் கடினப் பிளாஸ்டிக்காலான கறுப்புப் பீப்பாய். ஏறத்தாழ 10 லிட்டர் கொள்ளும். ஒன்றேகால் கிலோ நிறை. விலை சுமார் 80 டாலர். மூலை முடுக்கின்றி வழுவழுப்பாக உருட்டப்பட்டிருப்பதால் கரடியின் வாய்க்கு அகப்படாது. மூடியின் பூட்டுக்களை ஒரு நாணயத்தின் விளிம்பால் திருகித் திறக்க வேண்டும். அடுத்தது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்காலானது. 11 லிட்டருக்குச் சற்று மேல் கொள்வது, உள்ளிருப்பதை வெளியே காட்டும் தெளிவுடையது. விலையும் நிறையும் முன்னதினின்று அதிகம் விலகுவதில்லை. மூன்றாவது, கார்பன் இழையால் சுவரும் அலுமினியத்தால் மூடியும் அடியும் அமைந்தது. ஏறத்தாழ அதே கொள்ளளவில் ஒரு கிலோவுக்குள் அடங்குமெனினும், விலை 350 டாலரைத் தாண்டும். முதற்பெட்டியோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டுப் பார்த்தால், சுமையில் குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ முக்கால் டாலர் வீதம் அதிகம் கொடுக்கிறோம். பல வாரம் நடப்பவருக்கு அது தகும்; ஆண்டுக்கொரு முறை இரண்டு இரவு தங்கிவருபவருக்கு அது ஆடம்பரமே.

கால் கிலோவும் நிறையாத, உறுதிமிக்க இழைகளால் நெய்த பைகளும் உண்டு. சில வனங்களில் அவற்றை ஏற்கிறார்கள், யோசெமிட்டியில் ஏற்பதில்லை. பை கிழியாவிட்டாலும் உள்ளிருக்கும் உணவு கடிபட்டு நசுங்குமாதலால், அம்மறுப்பு வெறும் பிடிவாதமென்று தோன்றவில்லை.

ஆனால் பொருளின் உறுதி ஒன்றே போதுமா? மான்டானா மாநிலத்தின் மேற்கு யெல்லோஸ்டோனில், வளர்ப்பிலிருக்கும் கிரிஸ்லி கரடிகளிடம் பெட்டியைக் கொடுத்து, 60 நிமிஷம் அவை கடித்தும் புரட்டியும் திறக்கவில்லையானால் தேறியதாகக் கொள்கிறார்கள். இச்சோதனை சிறந்ததே, எனினும் இது தாடையின் வலிமையை அளக்கிறதேயன்றி, பல ஆண்டுகள் முயன்று கற்கும் புத்தியை அளப்பதில்லை. நியூயார்க்கின் அடிராண்டாக் மலைகளில் இரு காதுகளிலும் மஞ்சள் அடையாளச் சீட்டுத் தாங்கிய பெண்கரடியொன்று, பாலிகார்பனேட் பெட்டியின் திருகுமூடியைப் பல்லால் அழுத்தித் திருப்பக் கற்றது; பெட்டியைச் செய்தவர்கள் மூடியைத் திருத்தியமைத்த பின்னும் அதை வென்றது. 2012-இல் வேட்டைக்காரர் ஒருவரால் அது கொல்லப்பட்டது. சுவர் எதனாலானால் என்ன, சாமர்த்தியம் மூடியில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

குறைகள் இன்னும் உள. ஒருவருக்கு ஐந்தாறு நாள் உணவுக்கு மேல் கொள்ளாமையால் நெடும்பயணத்துக்குப் பற்றாது. உணவு தீர்ந்தபின்னும் பெட்டியின் கனம் தீர்வதில்லை. பற்பசையையும் சோப்பையும் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டு, மூடியையும் பூட்ட மறந்து உறங்குகிறவருக்குக் கார்பன் இழையும் காகிதமும் ஒன்றுதான்.

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்கையில், வழக்கம் நல்லதென்றும், சுமை நியாயமானதென்றும், செலவு மட்டுமே விவாதத்துக்குரியதென்றும் முடிவு கட்டலாம். சட்டத்தால் கட்டாயப்படுத்தும் ஒரு பொருளை ஏழை யாத்திரிகரும் எளிதிற் பெறும்படி செய்வது கட்டாயப்படுத்துவோரின் கடமை. யோசெமிட்டியில் அனுமதிச் சீட்டு வழங்குமிடத்திலேயே பெட்டியை வாடகைக்குத் தருவது அவ்வகையில் மெச்சத்தக்கது. வாங்குவதோ இரவல் பெறுவதோ அவரவர் வசதி. இரவு படுக்குமுன் எழுந்து போய் மூடியை ஒருமுறை திருகிப் பார்ப்பது அனைவருக்கும் பொது.