மருத்துவத் தமிழும் மருத்துவ ஆய்வும்: ஒரு மறுநோக்கு

மருத்துவத் தமிழின் வரலாற்றை எழுதுவோர் சாமுவேல் பிஸ்க் கிறீனிடமிருந்தே தொடங்குவர். அது தகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவ்வமெரிக்க மிஷனரி மருத்துவர், 1864இலிருந்து மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872) முதலிய பெருநூல்களை மாணவர் துணையுடன் வெளிக்கொணர்ந்தார். எனினும் நம் விமர்சகர் இந்நூல்களைக் கலைச்சொற் களஞ்சியங்களாக மட்டுமே வாசித்து வந்துள்ளனர். எச்சொல் வடமொழி, எச்சொல் தனித்தமிழ் என்னும் விவாதத்திலே, அறிவை உற்பத்தி செய்வோர் யார் என்ற வினா அமிழ்ந்துபோயிற்று.

ஆங்கிலத்திற் கற்றோர் அரச சேவையை நாடி ஊரைவிட்டுச் செல்வதைக் கண்டே கிறீன் தமிழுக்குத் திரும்பினார் என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. 'மூளைசாலிகள் வெளியேற்றம்' என்று நாம் இன்று பேசுவதை அவர் நூற்றாண்டுக்கு முன்பே இனங்கண்டிருந்தார். ஆயினும் அவர் உருவாக்கியவர்கள் சிகிச்சையாளர்களே, ஆய்வாளர்களல்லர். மூலநூல்கள் பிறிதோரிடத்து எழுதப்பட்டன. மானிப்பாய் அவற்றைப் பெற்றுக்கொண்டது. மொழி மாறிய அளவுக்கு உற்பத்தி உறவு மாறவில்லை.

இவ்வுறவு இன்று எந்நிலையிலுள்ளது என்பதை மஞ்சள் அலரி விதை நஞ்சு பற்றிய ஆய்வு தெளிவாகக் காட்டுகின்றது. அது இலங்கைக் கிராமத்தின் நோய்; மேலைநாட்டுப் பாடநூல்களில் அதற்கு அற்ப இடமே உண்டு. இருதய மருந்தாகிய டிஜொக்சின் மிகைப்படும்போது கொடுப்பதற்கென மேற்கில் ஆக்கப்பட்ட எதிர்ப்பொருளை, கொழும்பு தேசிய வைத்தியசாலையில் 66 நோயாளரிடத்தே பரிசோதித்தனர். இலங்கை, பிரித்தானிய மருத்துவர் கூட்டாக நடத்திய அவ்வாய்வு 2000இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளிவந்தது. மருந்தின் பயன் நிறுவப்பட்டது. வினா எம்முடையது, நோயாளரும் எம்மவர். மருந்தை ஆக்கும் சாதனமோ எம்மிடமில்லை. கட்டுபடியாகும் விலையில் அது கிடைக்காமற்போனதால் இறப்பு அதிகரித்தமையை அதே சஞ்சிகை 2003இற் பதிவுசெய்தது.

இதனாற் சோர்வடைவது தவறு. நஞ்சருந்தியோருக்குக் கரித்தூள் கொடுப்பதாற் பயனுண்டா என்பதை 4,632 நோயாளரைக் கொண்டு ஆராய்ந்து, பயன் காணப்படவில்லை என 2008இல் வெளியிடுமளவுக்கு எமது மாவட்ட வைத்தியசாலைகள் களமாயின. தாதியர், ஆய்வு உதவியாளர், உள்ளூர் மருத்துவர் என ஒரு தலைமுறையே இத்தகைய பணிகளிற் பயின்றுள்ளது. 'உள்ளூர் ஆற்றல்' என்னுஞ் சொல்லை உதவி வழங்குவோர் பயிற்சிப் பட்டறைகளின் எண்ணிக்கையால் அளக்கின்றனர். ஆய்வு வினாவைத் தெரிவுசெய்யும் உரிமையும், ஆய்வு முடிந்தபின் மருந்தைப் பெறும் உரிமையும் அவ்வளவையில் இடம்பெறுவது அரிது.

தமிழாய்வாளருக்கும் இதிற் பங்குண்டு. பரிசோதனைக்கு இணங்குமாறு நோயாளரிடம் நீட்டப்படும் ஒப்புதற் படிவமும் மொழிபெயர்ப்பு இலக்கியமே. நோயாளர் கையொப்பமிடும் அவ்வுரைநடையில் 'தற்செயல் ஒதுக்கீடு' என்ற தொடரை ஒரு விவசாயி எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்பது, கிறீனின் கலைச்சொற்களைப் போலவே எமது ஆய்வுக்குரிய பொருளாகும்.