அன்றைய டிக்கெட், அன்றைய இருக்கை

சிங்கப்பூரில் மாலைக் காட்சிக்கான டிக்கெட்டை அன்று மாலையே வாங்குவது பெரும்பாலும் எளிது. மலிவாக வாங்குவதுதான் அரிது. லண்டனிலும் நியூயார்க்கிலும் நாடகம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்ததும் அரைவிலைச் சாவடியைத் தேடுகிறார்கள். அப்படி ஒன்று இந்நகரில் நிலைபெறவில்லை. அதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. அந்த ஏற்பாடு எப்படிப்பட்ட நாடக வணிகத்தில் பிறந்தது என்று பார்த்தால், அந்தக் குறைகூறலில் பாதிதான் நியாயம் என்று தெரியும்.

நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் டிகேடிஎஸ் அரைவிலைச் சாவடி 1973 ஜூனில் திறக்கப்பட்டது. நடத்துவது தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் 1980இல் அதே மாதிரி ஒன்று வந்தது. இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். பிராட்வேயில் ஒரு நாடகம் வாரத்துக்கு எட்டுக் காட்சி என மாதக்கணக்கில் ஓடும். சில நாடகங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடும். நடிகர் சம்பளமும் அரங்க வாடகையும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாறுவதில்லை. செவ்வாய்க்கிழமை 200 இருக்கை காலியாகக் கிடந்தால் அந்த வரவு போனது போனதுதான்; பாதி விலைக்கு விற்றால் பாதியாவது தேறும். 1996இல் 'ரென்ட்' இசைநாடகம் வேறொரு வழியைக் கண்டது. மேடைக்கு நேர் முன்னுள்ள இரண்டு வரிசையை, காட்சி நாளன்று மட்டும், 20 டாலருக்கு விற்றது. மிச்சம் மீதியை அது தள்ளிவிடவில்லை. கையில் காசில்லாத இளைஞர்களுக்கென்று நல்ல இருக்கையையே எடுத்து வைத்தது. வாங்கியவர்கள் காசுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுத்தார்கள். நடைபாதையில் இரவெல்லாம் படுத்துக் காத்திருக்க ஆரம்பித்ததும், மறு ஆண்டே அதைக் குலுக்கலாக மாற்ற வேண்டியதாயிற்று.

ஆக, 'அன்றைய நாள் சலுகை' என்ற ஒரே பெயரில் இரண்டு பண்டம் இருக்கிறது. ஒன்று கழிவு விற்பனை. மற்றது முன்கூட்டியே ஒதுக்கிய பங்கு. சிங்கப்பூரில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கழிவு விற்பனை இங்கே ஏன் ஓடவில்லை என்பதை விளக்க லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தையே போதும். பொழுது ஏற ஏற மீன் விலை இறங்குவதை எல்லோரும் அறிவர். மீன்காரர் நாளையும் வருவார், நாளை மறுநாளும் வருவார். இன்றைய மிச்சத்தைத் தள்ளிவிட்டாலும் நாளைய காலை வியாபாரம் கெடாது. சிங்கப்பூர் நாடகக் குழுவுக்கு நாளை மறுநாள் என்பதே பல சமயம் கிடையாது. மரினா பே சாண்ட்ஸ் அரங்குக்கு வரும் வெளிநாட்டு இசைநாடகங்கள் வாரக்கணக்கில் ஓடலாம். கேசி கலை நிலையத்தில் சிங்கப்பூர் ரெப்பர்ட்டரி தியேட்டரின் நாடகங்களும் சில வாரம் தாக்குப்பிடிக்கும். தமிழ் நாடகம் அப்படியல்ல. 1988இல் தொடங்கிய ரவீந்திரன் நாடகக் குழுவோ, 2011இல் தொடங்கிய அவாண்ட் குழுவோ, அதிபதி குழுவோ மேடையேற்றும் ஒரு புதிய நாடகத்துக்குப் பெரும்பாலும் ஒரே வார இறுதிதான் ஆயுள். ஞாயிறு இரவு அரங்கைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும்.

இந்த நிலையில் குழுவுக்கு வேண்டியது கடைசி நாள் காசு அல்ல, முதல் மாதக் காசு. ஒத்திகைக்கு இடம், அரங்கத்துக்கு முன்பணம், ஒளியமைப்பாளர் கூலி எல்லாம் திரை விலகும் முன்பே கேட்கப்படுபவை. மானியமும் புரவலர் தொகையும் ஓரளவுக்குக் கைகொடுக்கும், மீதிக்கு டிக்கெட்தான். அதனால்தான் இங்கே பரவலாக இருக்கும் தள்ளுபடி எதிர்த் திசையில் ஓடுகிறது: முன்பதிவுக்குச் சலுகை, நாலு டிக்கெட் சேர்த்தால் சலுகை, மாணவருக்கும் தேசிய சேவையாளருக்கும் மூத்தோருக்கும் சலுகை. சீக்கிரம் தீர்மானிப்பவருக்குப் பரிசு, தாமதிப்பவருக்கு முழு விலை. வணிகமாகப் பார்த்தால் இது பிசகில்லாத ஏற்பாடு.

கடைசி நாளில் விலையைக் குறைப்பதில் பணக்கணக்குக்கு அப்பால் இன்னொரு சிக்கலும் உண்டு. டைம்ஸ் சதுக்கத்தில் வரிசையில் நிற்பவர் நியூ ஜெர்சிக்காரரா நெதர்லாந்துக்காரரா என்பது யாருக்கும் தெரியாது. சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். நடிகரின் பெரியம்மா, இயக்குநரின் பழைய மாணவர், தமிழாசிரியர், மேடைக்குப் பின்னால் நிற்பவரின் அலுவலக நண்பர். சனிக்கிழமை காலை 'இன்று மட்டும் பாதி விலை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கிளம்பினால், முழு விலை கொடுத்து மூன்று வாரம் முன்பே வாங்கியவரின் கைபேசிக்கு அது பத்து நிமிடத்தில் வந்துவிடும். அவர் சண்டை போடமாட்டார். அடுத்த நாடகத்துக்குக் காத்திருப்பார், அவ்வளவுதான். ஒரு குழு இரண்டு முறை இப்படிச் செய்தால் தன் மிக விசுவாசமான பார்வையாளருக்குத் தாமதிக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. சலுகைக்குப் பதிலாக ஓசிப் பாஸை வாரியிறைக்கும் குழுக்களுக்கும் இதே கதிதான். அரங்கு நிறையும், ஆனால் அடுத்த முறை 'பாஸ் இருக்கா?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

விலையைவிட அதிகம் எரிச்சலூட்டுவது முன்பதிவுக் கட்டணம். 80 வெள்ளி டிக்கெட்டின்மேல் 3 வெள்ளி ஏறினால் யாரும் கவனிப்பதில்லை. 20 வெள்ளி டிக்கெட்டில் அதே 3 வெள்ளி 15 விழுக்காடு. அதாவது, குழு தன் பையிலிருந்து கொடுக்கும் சலுகையில் ஒரு பகுதி டிக்கெட் நிறுவனத்துக்குப் போகிறது. இந்தச் சந்தை எவ்வளவு குறுகியது என்பதை 2010 தீர்ப்பு காட்டியது. எஸ்பிளனேடு கலை மையத்துடனும் விளையாட்டு மன்றத்துடனும் தன்வழியாக மட்டுமே டிக்கெட் விற்க வேண்டுமென்று ஒப்பந்தம் வைத்திருந்த சிஸ்டிக் டிக்கெட் நிறுவனத்துக்கு, சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகப் போட்டித்தன்மை ஆணையம் 989,000 வெள்ளி அபராதம் விதித்தது. அந்த வகையில் ஆணையம் விதித்த முதல் அபராதம் அது. 2012இல் மேல்முறையீட்டில் தொகை 769,000 வெள்ளியாகக் குறைந்ததே தவிர, தீர்ப்பு நின்றது. அதன்பின் விற்பனைத் தளங்கள் பெருகியுள்ளன, கட்டணம் மறைந்துவிடவில்லை. லிட்டில் இந்தியாவின் கடைகளிலும் உணவகங்களிலும் டிக்கெட்டை வைத்து விற்கும் பழைய வழக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கல்லாவில் இருப்பவரிடம் இருக்கை வரைபடம் இருக்காது. டிக்கெட் கட்டின் மேலே இருப்பதைக் கிழித்துக் கொடுப்பார். அது தூணுக்குப் பின்னாலா, நடுவிலா என்பது உள்ளே போனால்தான் தெரியும்.

அன்றே வாங்குபவருக்கு உண்மையான ஆதாயம் விலையில் இல்லை, இருக்கையில் இருக்கிறது. இதைப் பலர் அறிவதில்லை. டிக்கெட் விற்பனை தொடங்கும்போதே சில நல்ல இருக்கைகளை எடுத்து ஒதுக்கிவிடுவார்கள்: ஒலிக்கருவி மேசைக்கு, ஒளிப்பதிவுக் கேமராவுக்கு, புரவலருக்கு, இயக்குநரின் விருந்தினருக்கு. மேசை எங்கே வரும், விருந்தினர் எத்தனை பேர் என்பது உறுதியான பிறகு தேவைப்படாதவை விற்பனைக்குத் திரும்பும். முந்தின நாள் இரவு வரைபடத்தில் ஜி வரிசை நடுவே சாம்பல் நிறத்தில் கிடந்த இரண்டு கட்டங்கள், காட்சி நாள் நண்பகலில் நிறம் மாறி நிற்கும். மூன்று வாரம் முன்பே வாங்கியவர் அதே விலைக்கு எம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். தனியாகப் போகிறவருக்கு இந்த வாய்ப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் ஜோடி ஜோடியாக விற்ற வரிசையில் மிஞ்சுவது ஒற்றை இருக்கைதான். ஊரும் சிறியது. வேலை முடிந்து தேக்காவில் தேநீர் குடித்தபடி ஆறரை மணிக்குத் தீர்மானித்தாலும், டௌன்டவுன் ரயிலில் ரோச்சோர் கடந்து இரண்டாவது நிலையமான புகிஸில் இறங்கினால் தேசிய நூலகக் கட்டடத்தின் நாடக நிலையத்துக்கு நடந்துவிடலாம்.

எது நல்ல இருக்கை என்பது அரங்கைப் பொறுத்ததைவிட மேடையில் நடப்பதைப் பொறுத்தது. 'முதல் வரிசை என்றால் முதல் தரம்' என்ற எண்ணம் தரை, பெஞ்சு, நாற்காலி என்று விலை பிரித்த கொட்டகைக் காலத்தின் மிச்சம். 2002இல் திறந்த எஸ்பிளனேடின் நாடக அரங்கு ஏறத்தாழ 2,000 பேர் அமரக்கூடியது, ஐரோப்பிய ஆப்பரா அரங்குகளைப் போல லாட வடிவில் நான்கு தளங்களாக வளைந்தது. அங்கே முதல் வரிசையில் அமர்ந்து பரதநாட்டியம் பார்ப்பவருக்கு மேடை விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே நிற்கும். முகபாவம் கிடைக்கும், பாதம் கிடைக்காது. ஜதி கேட்கும், தட்டடவு தெரியாது. கீழ்த்தளத்தின் நடுப்பகுதி தனி நடனத்துக்கு உகந்தது. இருபது, முப்பது பேர் ஆடும் நாட்டிய நாடகத்துக்கு முதல் மாடியின் முன்வரிசை அதைவிட மேல்; கோலம்போல விரியும் அணிவகுப்பு மேலிருந்துதான் முழுசாகத் தெரியும். லாடத்தின் இரு கைகளில் வரும் பக்க இருக்கைகள் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எந்தப் பக்கம் அமர்கிறோமோ அந்தப் பக்கத்து மேடை மூலை மறையும்.

அதே கட்டடத்தின் இசை அரங்கு வேறு வகை. ரஸ்ஸல் ஜான்சன் ஒலியமைப்பு செய்த, ஏறத்தாழ 1,600 இருக்கை கொண்ட அந்த மண்டபம் ஒலிபெருக்கி இல்லாத இசைக்காகக் கட்டப்பட்டது. மேடைக்குப் பின்னால் உள்ள இருக்கைகளில் சிம்பொனி கேட்பது மலிவு விலையில் கிடைக்கும் அரிய அனுபவம்; நடத்துநரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கலாம். மைக் வைத்துப் பாடும் கர்நாடகக் கச்சேரிக்கு அதே இடத்தை வாங்கினால் ஏமாற்றம்தான். ஒலிபெருக்கிகள் எதிர்த்திசை நோக்கியிருக்கும், பாடகரின் முதுகுதான் கண்ணில் படும். கச்சேரியில் பக்கவாட்டு ஓரமும் சரியில்லை. வழக்கமான அமைப்பில் மிருதங்கம் பாடகருக்கு வலப்புறமும் வயலின் இடப்புறமும் அமர்ந்து ஒருவரை ஒருவர் நோக்கியிருப்பார்கள். அரங்கின் இடது ஓரத்தில் இருப்பவர் மிருதங்க வித்துவானின் முதுகையும், வலது ஓரத்தில் இருப்பவர் வயலின்காரரின் முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

நடுத்தர அரங்குகளில் இந்தக் கவலை குறைவு. விக்டோரியா அரங்கு 2014இல் புதுப்பித்துத் திறந்தபோது, முன்பு 900க்கு மேலிருந்த இருக்கைகள் 614 ஆகக் குறைந்தன. வருமானத்துக்கு நட்டம், கண்ணுக்கு இலாபம். நாடக நிலையத்தில் 615 இருக்கை. இப்படிப்பட்ட அரங்குகளில் முதல் தர, இரண்டாம் தர விலை வேறுபாடு உண்மையான பார்வை வேறுபாட்டைவிடப் பெரிதாகவே இருக்கிறது. மலிவான பிரிவை வாங்குவதே புத்திசாலித்தனம். தமிழ் தெரியாத நண்பரை அழைத்து வருபவர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஆங்கிலத் துணைவரிகள் மேடைக்கு மேலே ஓடும் நாடகத்தில் முன்வரிசை கழுத்துவலிக்கு உத்தரவாதம். இருக்கை எண் இல்லாத சிறு கருப்பறை அரங்கில் சலுகையும் தேர்வும் ஒன்றே, அது சீக்கிரம் போவது.

தமிழ் நிகழ்ச்சிகளுக்கே உரிய ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நடுவில் உள்ள முதல் இரண்டு மூன்று வரிசையைச் சிறப்பு விருந்தினருக்கென்று வெள்ளைத் தாள் ஒட்டி ஒதுக்குவது. அதில் பாதி கடைசிவரை காலியாகவே கிடக்கும். காசு கொடுத்து வாங்கியவர் பின்னாலிருந்து அந்தக் காலி நாற்காலிகளின் முதுகைப் பார்த்தபடி நாடகம் பார்ப்பார். 'ரென்ட்' குழுவினர் அந்த இரண்டு வரிசையை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதோடு இதை ஒப்பிட்டால் போதும்.

ஒதுக்கிய பங்கு என்ற இரண்டாவது முறைக்குத்தான் சிங்கப்பூரில் உண்மையான தேவை இருக்கிறது. 2025 செப்டம்பர் முதல் பயன்பாட்டுக்கு வந்த எஸ்ஜி கல்ச்சர் பாஸ், 18 வயதை எட்டிய சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளில் செலவழிக்க 100 வெள்ளி தருகிறது. 2028 இறுதிவரை செல்லும். குடிமக்களைப் பொறுத்தவரை டிக்கெட் விலை என்ற தடையை அது பெரிதும் தளர்த்திவிட்டது. நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர்களுக்கும் அது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவை நிறைக்கும் தமிழர்களில் பெரும்பங்கு அவர்கள்தான். அடுத்த மாத ஞாயிறு விடுப்பா, கூடுதல் நேர வேலையா என்பது அவர்களுக்கு முன்னாலேயே தெரிவதில்லை. முன்பதிவுச் சலுகை அவர்களுக்குப் பயன்படாது. மாணவர் சலுகையும் மூத்தோர் சலுகையும் அப்படியே. அன்றைக்கு வாங்கும் டிக்கெட் ஒன்றுதான் அவர்களுக்கு எட்டும். வரிசையில் நிற்கவும் தமிழ் ரசிகருக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. சென்னை மியூசிக் அகாடமியில் டிசம்பர்க் கச்சேரியின் அன்றாட டிக்கெட்டுக்கு, தள்ளுபடி எதுவும் இல்லாமலே, காலையில் போய் நிற்கிறார்கள்.

ஆகவே தமிழ் நாடகக் குழு செய்யத்தக்கது பாதி விலை அறிவிப்பு அல்ல. ஞாயிறு பிற்பகல் காட்சிக்கு மட்டும், விற்பனை தொடங்கும் நாளிலேயே அறிவித்து, நடுவரிசைகளில் 30 இருக்கையை எடுத்து வைத்து, அன்று காலை லிட்டில் இந்தியாவில் ஒரு மேசை போட்டு ஆளுக்கு ஒன்றாக 10 வெள்ளிக்கு விற்கலாம். எண்ணிக்கையும் விலையும் முதலிலேயே தெரிந்திருப்பதால் முன்பதிவு செய்தவருக்கு ஏமாந்த உணர்வு வராது. கட்டணம் பிடிக்க இடையில் ஆளில்லை. டிக்கெட்டின் முழு விலை 30 வெள்ளி என்றால் குழுவுக்கு நட்டம் 600 வெள்ளி. அதுவும் அந்த முப்பது இருக்கையும் முழு விலைக்கு விற்றிருக்கும் என்று வைத்துக்கொண்டால்.