அருவிக்கு முன்னால் நிற்கும் சாமி

தமிழனுக்கு நிலக்காட்சி ஓவியம் கிடையாது, அது வெள்ளைக்காரன் பெட்டியில் கொண்டுவந்து இறக்கிய சரக்கு, அதிலும் நீர்வண்ணம் துரைசானிகளின் சாயங்காலப் பொழுதுபோக்கு என்றொரு பேச்சு சில ஆண்டுகளாகக் கண்காட்சி மலர்களிலும் கருத்தரங்குகளிலும் புழங்குகிறது. உள்ளூர் அருவியையோ காட்டுக்கோயிலையோ நீர்வண்ணத்தில் தீட்டி, பிரதியெடுத்து விற்கிற இளைஞரைக் கண்டால் ‘காலண்டர்’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மறுக்க வருபவர்களாவது உருப்படியாக மறுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. உடனே குறிஞ்சி, முல்லை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். திணை கவிதைக்கு இலக்கணம். தாளின்மேல் தண்ணீரும் வண்ணமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதில் பதில் தேடிப் பயனில்லை. பதில் அச்சகங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் கிடக்கிறது. அங்கே போக நம் விமர்சகர்களுக்குக் கொஞ்சம் கூச்சம்.

சித்தன்னவாசல் தாமரைக்குளம், பெரிய கோயிலின் சோழர் சுவர்கள், நாயக்கர் காலக் கூரை ஓவியங்கள் எல்லாம் வாசகர் அறிந்தவை. தஞ்சையிலிருந்த கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) பாணி ஓவியர்களையும் ஒரு வரியில் கடந்துவிடலாம். துரைமார்களுக்காகச் சாதி சாதியாக, தொழில் தொழிலாக மனிதர்களை வரைந்தார்கள். அந்த மனிதர்களின் முதுகுக்குப் பின்னால் பெரும்பாலும் வெறும் தாள்.

நிலம் தாளுக்கு வந்தது டேனியல்களோடுதான். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் சென்னையிலிருந்து கிளம்பிக் கன்னியாகுமரி வரை போனார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. கும்பினிப் படை போன தடத்திலேயே கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலின் மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டு சென்றவர்கள் என்பதைச் சொல்லி, ‘காலனியக் கண்’ என்று முத்திரை குத்துவது சுலபம். குத்தட்டும், பொய்யில்லை. வாங்கியவர்களும் கும்பினி அதிகாரிகளும் இங்கிலாந்துச் சீமான்களும்தான். ஆனால் 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியான ‘ஓரியண்டல் சீனரி’யின் 144 படங்களில், மதுரைப் புதுமண்டபத்தோடு, திருநெல்வேலிச் சீமையின் பாபநாசம் அருவியும் இருக்கிறது. 1940களில் மேலே அணை கட்டி மின்சாரம் எடுப்பதற்கு முந்தைய தாமிரபரணி அது. அந்த ஆறு பாறையில் விழுந்த விதத்துக்கு நம்மிடம் உள்ள கண்சாட்சிகளில் இரண்டு வெள்ளைக்காரர்களும் உண்டு என்பதற்காகச் சாட்சியத்தையே தள்ளிவிட முடியுமா?

அந்தப் படங்கள் அக்வாடின்ட் முறையில் அச்சானவை. செப்புத் தகட்டின்மேல் பிசின் தூளைப் படியவிட்டுச் சூடாக்கி அமிலத்தில் இட்டால், துகள்களுக்கு நடுவில் அமிலம் அரித்து நுண்ணிய சொரசொரப்பு கிடைக்கும். அதிக நேரம் அரித்த இடம் மையை அதிகம் பிடித்துக் கருக்கும். வார்னிஷ் பூசி மறைத்த இடம் வெள்ளையாகவே நிற்கும். மரநிழலுக்கும் பாறை இடுக்குக்கும் திரும்பத் திரும்ப அமிலம், அருவியின் வெள்ளைக்கு அமிலமே இல்லை. நீர்வண்ணத்திலும் இதுதான் கதை. ஆங்கில முறையில் பயின்றவர் அருவிக்கு வெள்ளை பூசமாட்டார், தாளை விட்டுவைப்பார். தண்ணீரை வரைய வேண்டுமானால் தண்ணீரைத் தவிர மற்றதையெல்லாம் வரைய வேண்டும். அச்சிட்டபின் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் நீர்வண்ணம் ஏற்றினார்கள். ஆக, நீர்வண்ண ஓவியமும் அதன் அச்சுப்பிரதியும் தொடக்கத்திலிருந்தே ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று கலை, மற்றது வியாபாரம் என்று பாகம் பிரித்தது பின்னால் வந்தவர்கள்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி நெடுங்காலம் கைத்தொழில் பட்டறையாகவே இருந்தது. ஹேவல் அதன் கண்காணிப்பாளராக வந்தார், போனார். 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகுதான் கதை சூடுபிடிக்கிறது. இவரை மெரினாவின் உழைப்பாளர் சிலையோடு மட்டும் சேர்த்து நினைவு வைத்திருக்கிறோம். அவர் காலத்து மாணவர்களின் நீர்வண்ணங்களே எனக்கு அந்தப் பள்ளியின் பொற்காலம். 1936 முதல் 1940 வரை அங்கே படித்த கே.சி.எஸ். பணிக்கர், கேரளத்துக் கால்வாய்களையும் தென்னந்தோப்புகளையும் தீட்டிய தாள்களைப் பாருங்கள். ஈரம் காய்வதற்குள் அடுத்த நிறத்தை இறக்கிவிடுகிற துணிச்சல், நிழலில்கூட நிறம் குறையாத பச்சை, தூரிகை ஒருமுறை போன தடத்தில் திரும்பப் போகாத கட்டுப்பாடு. கலை வரலாறுகள் இவற்றை ‘ஆரம்பகாலப் படைப்புகள்’ என்று ஒரு வாக்கியத்தில் தாண்டிப்போகின்றன. ஏதோ பிள்ளைப்பிராயத்து அம்மைத் தழும்பு போல.

சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற இன்னொருவர் சி. கொண்டையராஜு (1898–1976). அவர் நாடகக் கம்பெனியோடு நாற்பதுகளில் கோவில்பட்டிக்கு வந்தவர். அந்தக் கம்பெனிகளில் ஓவியருக்குச் சீன் படுதா எழுதுவதுதான் வேலை. தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன். வள்ளி திருமணம் என்றால் தினைப்புனமும் மலையும் வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் தொங்கும் துணியில், விளக்கு வெளிச்சத்தில், கடைசி வரிசைக்காரனுக்கும் காடு காடாகத் தெரிய வேண்டும். நிலக்காட்சிக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி எந்தக் கல்லூரியில் உண்டு? அந்தக் கை பிறகு ஸ்டுடியோக்களின் பின்திரைக்கும், சிவகாசி அச்சகங்களின் காலண்டருக்கும் போயிற்று. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலான சீடர்கள் அதைத் தொடர்ந்தார்கள். கொண்டையராஜுவின் தெய்வங்களைப் பற்றி இன்று ஆய்வேடுகள் வருகின்றன, மகிழ்ச்சி. தெய்வத்துக்குப் பின்னாலிருக்கும் மலையை, ஓடையை, விடியலின் மஞ்சளை யாரும் பேசுவதில்லை. தமிழ் வீடுகளின் சுவரில் ஆணியடித்து நிலக்காட்சியை மாட்டியவர்கள் இவர்கள்தான். என்ன, அதற்கு முன்னால் ஒரு சாமி நின்றார்.

குறையும் அங்கேயே இருக்கிறது. அந்த அருவி எந்த ஊர் அருவி? சொல்ல முடியாது. இமயமலையும் குற்றாலமும் ஒரே சட்டத்தில் சம்பந்தம் பேசும். இதற்கு நேரெதிரே ‘ஆனந்த விகட’னில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த சில்பி. கோயிலுக்கே போய் உட்கார்ந்து, எந்தத் தூணில் எந்தச் சிற்பம் என்று பிசகாமல் பதிவு செய்தவர். ஆனால் அவர் மனம் கல்லில் இருந்தது, கோடுகளில் இருந்தது. கோயிலுக்கு வெளியே நின்ற மரங்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. இந்த இரண்டு கைகளும் ஒரே தாளில் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை.

சேராமல் போனதற்கு அறுபதுகளையும் நான் குற்றம் சொல்வேன். 1957இல் பள்ளியின் முதல்வரான பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்குப் போனார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. எழுத்தும் ஜாதகக் கட்டமும் யந்திரமும் இந்தியத்தன்மையின் அடையாள அட்டையாயின. பணிக்கருக்கு அது நேர்மையான தேடல், மறுக்கவில்லை. அவரைத் தொடர்ந்த பலருக்கு அது சீருடை. யந்திரத்தை வரைந்தால் சுதேசி, ஊர்க் குளத்தை வரைந்தால் வெள்ளைக்காரனின் எச்சம் என்ற வினோதமான கணக்கு அப்போது போடப்பட்டதுதான். ஓவியர் ஆதிமூலம் பிற்காலத்தில் நிலத்துக்குத் திரும்பினார், அற்புதமான வண்ணப் பரப்புகள். ஆனால் அவற்றில் எந்த ஊருக்கும் பஸ் போகாது. இடத்தின் பெயரைச் சொல்ல வெட்கப்படாதவர் என்று பார்த்தால், மதுரையின் தெருக்களையும் கோபுரங்களையும் பேனா மையால் வரைந்து வாழ்த்து அட்டைகளாக அச்சிட்ட மனோகர் தேவதாஸ். பார்வை சுருங்கிக்கொண்டே வந்த காலத்திலும் வரைந்தவர். 2022இல் காலமானார். அவரை ‘மதுரை நினைவுகள் எழுதியவர்’ என்று சொல்லும் அளவுக்கு ‘ஓவியர்’ என்று நம் விமர்சகர்கள் சொல்லிக் கேட்டதில்லை.

இன்று கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிப் பக்கமிருந்து வரும் இளைஞர்களிடம் நீர்வண்ணம் மீண்டும் உயிரோடு இருக்கிறது. கைத்திறனில் குறையில்லை. அவர்களைக் கெடுக்கக் காத்திருப்பது வேறு: இத்தனை பிரதிதான் என்று எண் போட்டு விற்கும் ‘லிமிடெட் எடிஷன்’. செப்புத் தகட்டில் அக்வாடின்டின் சொரசொரப்பு சில நூறு பிரதிகளுக்குள் தேய்ந்துவிடும். அந்தக் காலத்து எண்ணிக்கைக்கு உலோகமே பொறுப்பு. இங்க்ஜெட் எந்திரம் முதல் பிரதியையும் பத்தாயிரமாவது பிரதியையும் ஒரே மாதிரிதான் துப்பும். அதில் ‘இருபத்தைந்தில் மூன்று’ என்று பென்சிலால் எழுதிப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்பது, இல்லாத பஞ்சத்தை உண்டாக்கும் அரிசி மண்டி வேலை.

என் கட்சி இதுதான்: ஊரும் பேரும் உள்ள இடம், நேரில் போய் உட்கார்ந்து தீட்டிய நீர்வண்ணம், சிவகாசி ஆஃப்செட்டில் காலண்டர் விலைக்கு அச்சு. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குகிறார்கள். சுற்றிலும் புலிகள் காப்பகம். அந்தக் குடில்களை, மரங்களை, ஆற்றுப் பாறைகளை வரைந்த ஒரு நல்ல அச்சுப்படம் அந்தப் பக்கத்து வீடுகளில் நான் பார்த்ததில்லை. சாமி இல்லாத படத்தை யார் மாட்டுவார்கள் என்று அச்சகத்தார் கேட்பார். இந்தப் படத்தில் சாமி கோயிலுக்குள்ளேதான் இருக்கிறார், முன்னால் வந்து நின்று காட்டை மறைக்கவில்லை, அவ்வளவுதான்.