தண்ணீரில் இறங்கும் இழை

இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டுபோன தக்காளிச் செடி ஆய்வக மேசைக்கு வருகிறது. பாக்டீரியா வாடலா, ஃபுசேரியம் பூஞ்சையா? நல்ல ஆசிரியர் விடையை முதலில் சொல்லமாட்டார். அடித்தண்டை நறுக்கி, வெட்டுமுனை தெளிந்த நீரைத் தொடும்படி பிடிக்கச் சொல்வார். பாக்டீரியா வாடல் என்றால், சில நிமிடங்களில் பால்போல ஒரு மெல்லிய இழை கீழே இறங்கும். அத்தனையும் இந்த வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா! மாணவர்கள் பேச்சற்றுக் குனிந்து பார்க்கும் அந்த நேரம் எனக்கு மிகவும் பிடித்தது. இழை வராவிட்டால், தண்டுத் துணுக்கை அகார் தட்டில் வைத்துப் பூஞ்சை வளர நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பூஞ்சைக்கொல்லி தெளித்தால் பாக்டீரியா வாடல் நிற்காது; பிழையாகக் கணித்தால் உழவர் பணம்தான் வீண். நுண்ணோக்கி இல்லாத பள்ளியிலும் கத்தி, கண்ணாடி டம்ளர், தண்ணீர் உண்டு. ஆசிரியர்களே, ஒருமுறை செய்து காட்டுங்கள்.