கண் காணாததைக் கை கண்டது

சார்லி சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ 1931-இல் வெளிவந்தது. தமிழின் முதற் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ வெளிவந்ததும் அவ்வாண்டிலேதான். பேச்சுப் படங்கள் பெருகிய அந்நாளில் சாப்ளின் உரையாடலை விலக்கி, இசையையும் நடிப்பையுமே துணைக்கொண்டார். ஆதலின், ஆங்கிலமறியாத கெடாத் தோட்டத் தொழிலாளிக்கும் இப்படம் அந்நியமன்று. 1954-இல் ஜெமினியார் இதனைத் தழுவி ‘ராஜி என் கண்மணி’ எடுத்தனர்.

இப்படத்தில் ஏழை நாடோடியொருவனோடு இருவர் உறவு கொள்கின்றனர். செல்வனொருவன் குடிவெறியில் அவனைக் கட்டித் தழுவுகிறான். வெறி தெளிந்ததும் யாரென்றறியாது விரட்டுகிறான். கண்ணிழந்த பூக்காரியோ அவனைச் செல்வனென எண்ணி நேசிக்கிறாள். அவள் பார்வை பெறப் பொருள் தந்த அவன் சிறை புகுகிறான். பார்வை பெற்றவள் பின்னொரு நாள் கந்தலாடையோடு அவனைக் கண்டு நகைக்கிறாள். இரங்கிக் காசு கொடுக்கும்போது கையைத் தொட்டதும் அறிந்துகொள்கிறாள். மணந்தாளா? படம் சொல்லவில்லை.

1947-இல் கெடாவிலே தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றனர். கள்ளுக்கு இடந்தந்த தோட்ட நிர்வாகம் தொழிலாளியை மனிதனென மதித்ததா? போதையிலே பிறக்கும் சமத்துவம் போதையோடு மாயும் என்பதற்கு அச்செல்வனே சான்று.

பூக்காரியின் அறிவு அத்தகையதன்று. உடையைக் கண்டு நகைத்த கண் தோற்றது. உதவிய கையை உணர்ந்த கை வென்றது. பால்மரம் வெட்டிக் காய்த்த கைகளுக்கு உரிய மதிப்பு எதுவென்று வினவுவோர் இவ்விறுதிக் காட்சியைக் காண்பாராக. சிரிக்க வந்தவர் கண்கலங்கித் திரும்புவது இதனாலேயே.