வாட்டமும் மட்டமும்

புது கேபினட் பொருத்திய சமையலறையைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். எனக்கு அதற்கு ஒரு வாரம் முன்பே போய்விட வேண்டும். கடப்பாக்கல் தட்டுகளைப் பெயர்த்து, பரண் சாமான்களை வெளியே இறக்கி, அறை மொட்டையாக நிற்கும்போதுதான் வேலை தெரிந்தவரின் கை தெரியும்.

ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சமையலறைத் தரைக்கு வாட்டம் உண்டு. வாளித் தண்ணீரைக் கொட்டினால் மூலைத் தூம்புக்குத் தானாக ஓட வேண்டும் என்று கொத்தனார் தெரிந்தே வைத்த சரிவு. கேபினட்டுக்கோ மட்டம் வேண்டும். நல்ல ஆசாரி தரையை உடைக்கச் சொல்ல மாட்டார். பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, குமிழி போகத் தட்டி, ஒரு முனையைச் சித்தாளிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு சுவரைச் சுற்றிவந்து புள்ளி வைப்பார். புள்ளிகளைச் சேர்த்து நூல் அடித்தால் மட்டக்கோடு. அதிலிருந்து கீழே அளந்து, தரையில் எது மேடு என்று பார்ப்பார். உயரக் கணக்கு அங்கேதான் தொடங்கும். பள்ளத்தில் தொடங்கினால் மேட்டில் பெட்டியைச் சீவ நேரும்; மேட்டில் தொடங்கினால் பள்ளத்தில் காலைத் திருகி நீட்டினால் முடிந்தது. லேசர் கருவி இதை நொடியில் காட்டும். இருந்தாலும் தண்ணீர் ஆடி அடங்கும்வரை ஆசாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

பிறகு மூலை. ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி. குறுக்கே 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி. பழைய வீட்டில் அநேகமாக வராது. உடனே சுவர் முழுக்கப் பூசக் கிளம்புகிறவரை எனக்குப் பிடிக்காது. மரம் ஒட்டுகிற இடத்தை மட்டும் தூக்குக்குண்டு விட்டுச் சரிசெய்கிறவரே ரசிகர்.

மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறைக்கு இந்தச் சங்கடம் இல்லை. வீடும் அலமாரியும் ஒரே திட்டத்தில் பிறந்தவை. நம் ஊரில் அலமாரி, வாழ்ந்து பழகிய வீட்டுக்கு வரும் புது மருமகள்.

இந்த வட்டாரத்துக்கென்று இன்னொரு வில்லங்கம், உப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றங்கரையின் நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. உப்புத் தண்ணீரில் குழைத்த பூச்சு சில மாதத்தில் வெள்ளையாகப் பூக்கும். ஓதம் ஏறிப் பலகையின் முதுகு உப்பும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 தரவிதி. மேஸ்திரி போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, காவிரிக் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பார். 2019 ஜூலையில் சென்னையின் தாகத்துக்கு ரயிலேறிப் போனதும் இதே காவிரித் தண்ணீர்தான். பூச்சு காய்ந்ததா என்று அறிய, ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விடுவார்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் ஆசாரி வீட்டுக்குப் போய்விடலாம்.

சிலிண்டர் நிற்கும் பெட்டிக்குத் துளை எங்கே என்று முன்னதாகவே குறித்துக்கொள்வது நல்லது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தங்கும். ஜாலியை மேலே வைத்தால் பார்க்க லட்சணம் என்று வீட்டுக்காரர் வாதாடுவார். இந்த ஓர் இடத்தில் ஆசாரி விட்டுக்கொடுக்கக் கூடாது.